ஆடிட்டர் அத்தை பதில்கள்: ஒரு நாய்க்கு 50 ஆயிரம் டாலரா?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். சங்க விழாவில் பட்டுப்புடவை ஏலம் விடுகிற நேரத்தில், போரிலிருந்து மனக்காயத்தோடு திரும்பியவர்களுக்கு சர்வீஸ் நாய் (குறைபாட்டுக்கு உதவும் வேலைகளுக்குப் பழக்கிய நாய்) கிடைக்க வசூல் செய்யலாமே என்று. அதற்கு வந்த கடிதங்களில் பாதி சந்தேகம், பாதி சண்டை. வருமான வரி, வீட்டுக் கடன் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் இருப்பது சான் அன்டோனியோ. திரும்பிய பக்கமெல்லாம் ராணுவ முகாம் உள்ள ஊர். ஓய்வு பெற்ற பிறகு இங்கே ஒரு சிறிய வசூல் குழுவுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

அத்தை, தீபாவளி விழாவில் இதற்காக வசூல் செய்யலாம் என்று எங்கள் சங்கத்தில் பேச்சு. ஆனால் ஒரு நாய்க்கு 50 ஆயிரம் டாலர் என்கிறார்களே! நல்ல லேப்ரடார் குட்டியே இரண்டாயிரம், மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது. மீதிப் பணம் யார் பைக்குப் போகிறது?
— எஸ்.ஆர்., கேட்டி, டெக்சஸ்

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாராவது செக் எழுதினால்தான் எனக்குக் கவலை. குட்டியின் விலை இதில் சில்லறைக் காசு. எட்டு வாரக் குட்டி ஒரு தொண்டர் வீட்டுக்குப் போகும். ஒரு வருடத்துக்கும் மேல் அங்கே வளரும். பிறகு பயிற்சிக்கூடத்துக்குத் திரும்பிச் சம்பளம் வாங்கும் பயிற்சியாளரிடம் பல மாதம் பழகும். ஆக மொத்தம் இரண்டு வருடம். அத்தனை நாளும் தீனி, தடுப்பூசி, எக்ஸ்ரே, கொட்டில் வாடகை.

இதில் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத செலவு ஒன்று உண்டு. பயிற்சிக்கு வரும் நாய்களில் ஏறக்குறைய பாதி தேறாது. ஒன்றுக்கு இடுப்பெலும்பு சரியில்லை, ஒன்றுக்கு அணிலைக் கண்டால் உலகம் மறந்துபோகும், இன்னொன்றுக்கு லிஃப்ட் என்றாலே நடுக்கம். தேறாத நாயின் செலவும் தேறிய நாயின் தலையில்தான் விழும். அப்புறம் படைவீரரை வரவழைத்து, இரண்டு மூன்று வாரம் தங்கவைத்து, நாயோடு சேர்த்துப் பழக்க வேண்டும். வீடு திரும்பிய பிறகும் நாய் வேலை பார்க்கும் எட்டு பத்து வருடம் தொலைபேசியில் ஆள் இருக்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் இதற்கெல்லாம் படைவீரரிடம் ஒரு டாலர்கூட வாங்குவதில்லை. செலவைச் சுருக்க வழிகளும் உண்டு. புளோரிடாவில் உள்ள கே9ஸ் ஃபார் வாரியர்ஸ் பெரும்பாலும் காப்பகங்களில் கைவிடப்பட்ட நாய்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்குகிறது. நியூயார்க்கில் 1997-இல் தொடங்கிய பப்பீஸ் பிஹைண்ட் பார்ஸ் குட்டிகளைச் சிறைக்குள் கைதிகளிடம் வளர்க்கக் கொடுக்கிறது. ஆக, நிறுவனத்தைப் பொறுத்து ஒரு நாயின் செலவு 20 ஆயிரத்திலிருந்து 50 ஆயிரத்தைத் தாண்டியும் போகும்.

உங்களுக்கு என் யோசனை: "எங்கள் சங்கம் ஒரு நாய் வாங்கிக் கொடுக்கிறது" என்று மேடையில் அறிவிக்காதீர்கள். விழா வசூல் எட்டாயிரம் வந்து நின்றால் மீதி 42 ஆயிரத்துக்கு யாரைத் துரத்துவது? பல நிறுவனங்களில் சில ஆயிரம் டாலருக்கு ஒரு குட்டியின் வளர்ப்புச் செலவை ஏற்றுக்கொண்டு, அதற்குப் பெயர் வைக்கலாம். வளர வளரப் படமும் அனுப்புவார்கள். நம் ஆட்களுக்கு இது பிடிக்கும். பெயர் வைப்பதில் சங்கம் இரண்டாக உடையாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பார்வையற்றவருக்கு நாய் வழி காட்டும், சரி. மனசு சரியில்லாதவருக்கு நாய் என்ன செய்யும்? செல்லப் பிராணிக்குச் சட்டை போட்டு விடுவதுதானே இது?
— கே. பார்வதி, எடிசன், நியூ ஜெர்சி

வாலை ஆட்டி அன்பு காட்டுவது சட்டப்படி வேலையே இல்லை, அம்மா. 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், அந்த ஆளின் குறைபாட்டுக்கு ஏற்ற குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கியிருந்தால்தான் அது சர்வீஸ் நாய் என்கிறது. கூட இருந்தாலே ஆறுதல் என்றால் அது வேறு வகை. அதைக் கடைக்குள் விடவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், ஈராக் போய் வந்தவர். (நாயின் பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை.) எச்.இ.பி. கடையில் பில் போடும் வரிசையில் அவருக்குப் பின்னால் நான் வண்டியோடு நின்றேன். அவர் "கவர்" என்று மெல்லச் சொன்னார், அவ்வளவுதான். அதுவரை முன்னால் பார்த்துக்கொண்டிருந்த நாய் அப்படியே திரும்பி, அவர் காலை ஒட்டி, என்னைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது. குரைக்கவில்லை, முறைக்கவில்லை. என் வண்டி தானாக ஓரடி பின்வாங்கியது. அவர் முதுகுக்குப் பின்னால் யாராவது வந்தால் நாய் தலையைத் தூக்கும், அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் கார்டைத் தேய்த்துவிட்டுப் போனார். நாய் வருவதற்கு முன் கடை மூடும் நேரமாகப் பார்த்து ஓடிவந்து, பாதிச் சாமானைப் போட்டது போட்டபடி விட்டுப் போவாராம். சொன்னது அவர் மனைவி.

ராத்திரி வேலையும் இருக்கிறது. கெட்ட கனவில் கை கால் உதறினால் மூக்கால் இடித்து எழுப்பும், சில நாய்கள் விளக்கையும் போட்டுவிடும். பதற்றத்தில் தொடை ஆடத் தொடங்கினால் முன்னங்காலை மடியில் வைத்து அழுத்தும். முப்பது கிலோ எடை மேலே சாய்ந்திருக்கும்போது மூச்சு தானாக நிதானத்துக்கு வரும். மாத்திரைப் பையைக் கொண்டு வரும். கூட்டத்தில் வாசலைத் தேடி இழுத்துப் போகும். ஒன்றே ஒன்று செய்யாது: காவல் காக்காது. ஆளைப் பார்த்து உறுமுகிற நாய் பயிற்சியிலேயே வெளியே போய்விடும்.

என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இருந்தவர். அவருக்கு இதெல்லாம் எதுவும் வந்ததில்லை. இப்போது மட்டும் ஏன்?
— பெயர் வேண்டாம், டாலஸ்

வந்ததா இல்லையா என்று உங்கள் பாட்டியைத்தான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு ஆடி மர்ஃபி பெயர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் அவரைப் போலப் பதக்கம் வாங்கியவர் அபூர்வம். பிறகு சினிமாவிலும் நடித்தார். அப்பேர்ப்பட்டவர் தலையணைக்கு அடியில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு தூங்கியவர். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைக் கவனியுங்கள் என்று அவரே வெளிப்படையாகப் பேசினார். அவர் 1971-இல் இறந்தார். இந்த மனக்காயத்துக்கு பிடிஎஸ்டி என்ற பெயர் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 1980-இல்தான்.

இவ்வளவு பெரிய அரசாங்கம், இவ்வளவு பெரிய ராணுவ பட்ஜெட். நாய்க்கு நாம் ஏன் உண்டியல் குலுக்க வேண்டும்?
— ஆர். முத்துக்குமார், சான் ஹோசே

நியாயமான எரிச்சல். முன்னாள் படைவீரர் துறையை இங்கே வி.ஏ. என்பார்கள். அது தகுதியான சர்வீஸ் நாய்க்கு மருத்துவச் செலவும் சேணம் போன்ற சாமான்களும் கொடுக்கும். தீனிக்குக் கொடுக்காது. நாயையே வாங்கியும் கொடுக்காது. மனக்காயத்துக்கான நாய்கள் விஷயத்தில் அவர்கள் பல வருடம் இழுத்ததற்குச் சொன்ன காரணம், ஆதாரம் போதாது என்பது. நாடாளுமன்றம் கேட்டு 2011-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். நாய் குழந்தையைக் கடித்த சம்பவங்களால் அது நடுவில் நின்று, மறுபடி தொடங்கி, 2021-இல்தான் முடிவு வந்தது. நாய் பெற்ற 181 பேரில் சிலருக்கு சர்வீஸ் நாய், சிலருக்கு ஆறுதலுக்கு மட்டும் நாய். ஒட்டுமொத்த வாழ்க்கைத் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சர்வீஸ் நாய் பெற்றவர்களுக்கு நோய்க் குறிகள் கொஞ்சம் கூடுதலாகத் தணிந்தன, தற்கொலை எண்ணமும் குறைந்தது. அந்தக் கடைசி வரி ஒன்றுக்காகவே நான் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன்.

2024-இல் அரிசோனா பல்கலைக்கழகக் குழுவின் ஆய்வு வந்தது. 156 பேர்: 81 பேருக்கு நாய், 75 பேர் காத்திருப்பு வரிசையில். மூன்று மாதம் கழித்து நாய் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு, பதற்றம் எல்லாமே குறைவு. ஆனால் அவர்கள் மருந்தையும் சிகிச்சையையும் விட்டுவிடவில்லை, நாய் அவற்றோடு கூட வந்தது. "நாய் வந்தது, நோய் போனது" என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள்.

அரசாங்கமும் ஓரடி வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 25 அன்று அப்போதைய அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டத்தின்படி ஐந்து ஊர்களில் ஐந்து வருட முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. அதில் எங்கள் சான் அன்டோனியோவும் ஒன்று. அங்கே படைவீரரே நாயைப் பழக்குவதுதான் சிகிச்சை. பிரியமானால் அந்த நாயைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். ஐந்து ஊர் போதுமா என்றால், போதாது. அதனால்தான் உண்டியல்.

என் அலுவலகத்தில் ஒருவர் ஆப்கானிஸ்தானில் இருந்தவர். நாய்க்காகக் காத்திருக்கிறார். அவருக்காக கோஃபண்ட்மீ என்ற இணைய வசூல் தளத்தில் பக்கம் தொடங்கலாமா? வரிவிலக்கு கிடைக்குமா?
— வித்யா, சியாட்டில்

முதலில் அவரைக் கேட்டாயா, கண்ணு? ஒருவரின் பெயர், படம், நோய் மூன்றையும் இணையத்தில் போட்டால் திரும்ப எடுக்க முடியாது. நாளைக்கு அவரை வேலைக்கு எடுக்கப் போகிறவரும் அதைப் படிப்பார்.

இப்போது காசு விஷயம். தனி ஆளுக்குக் கொடுக்கும் பணம் அன்பளிப்பு. வரிவிலக்கு கிடையாது, உன் கம்பெனி அதற்கு ஈடாகப் பணம் போடாது. அதே பணத்தை 501(சி)(3) பதிவுள்ள, அதாவது வரிச் சட்டப்படி தொண்டு நிறுவனமாகப் பதிவான இடத்துக்குக் கொடுத்தால் இரண்டும் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் நிறையப் பேர் இந்த மேட்சிங் தொகையைக் கேட்பதே இல்லை. ஆயிரம் கொடுத்தால் இரண்டாயிரம் ஆகிற வாய்ப்பைத் தெருவில் விட்டுவிட்டு, சமோசா விற்று இருநூறு சேர்க்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

நிறுவனத்தை எப்படிப் பார்ப்பது? ஐ.ஆர்.எஸ். என்கிற வருமான வரித் துறையின் தளத்தில் பெயரைத் தேடு, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். பிறகு அவர்கள் வருடாவருடம் கணக்குக் காட்டும் படிவம் 990-ஐத் திற. பயிற்சிக்கு எவ்வளவு, வசூல் செய்வதற்கே எவ்வளவு, தலைவருக்குச் சம்பளம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். பயிற்சி நிறுவனங்களின் தரத்தைப் பார்க்கும் அசிஸ்டன்ஸ் டாக்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பார். அந்த மாதிரி அங்கீகாரம் இல்லாத இடத்திலிருந்து வந்த நாய்க்கு வி.ஏ. மருத்துவச் செலவு தராது. கடைசியாகப் போன் போட்டுக் கேள்: போன வருடம் எத்தனை நாய் கொடுத்தீர்கள், இப்போது எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், கொடுத்த நாய் ஒத்துவராவிட்டால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிற இடம் நல்ல இடம். படைவீரர் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் இந்த நாட்டில் அவ்வளவு பேர். அவர்களைப் பிடிக்கவே 2018-இல் மத்திய வர்த்தக ஆணையமும் மாநிலங்களும் சேர்ந்து ஒரு வேட்டை நடத்தின.

காத்திருக்கும் காலத்தில் அவர் நிலைமை மோசமாகத் தெரிந்தால் நாயை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான உதவிப் பிரிவு எடுக்கும். அவரைப் பற்றிக் கவலைப்படும் நீயும் அழைக்கலாம்.

இணையத்தில் 79 டாலருக்கு சர்வீஸ் நாய் சான்றிதழ், அடையாள அட்டை, சட்டை எல்லாம் தருகிறார்கள். அதையே வாங்கிக் கொடுத்துவிடலாமே?
— ஜி.கே., சிகாகோ

வேண்டாம். அப்படி ஒரு சான்றிதழையோ பதிவையோ மாற்றுத்திறனாளிகள் சட்டம் கேட்கவே இல்லை. கடைக்காரர் கேட்கக்கூடியது இரண்டே கேள்வி: குறைபாட்டுக்காகத் தேவைப்படும் சர்வீஸ் நாயா, என்ன வேலைக்குப் பழக்கியிருக்கிறீர்கள்? அட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டு வரும் பழகாத நாய் ஒருமுறை யார் காலையாவது கவ்வினால், அடுத்து வரும் உண்மையான நாயைக் கடைக்காரர் வாசலிலேயே மறிப்பார்.

விழா ஏற்பாடு முடிந்தது, அத்தை. வாழையிலைச் சாப்பாட்டு டிக்கெட் 40 டாலர், பரிசுக் குலுக்கலும் உண்டு. படைவீரர் ஒருவரை நாயோடு மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, அவர் கதையைச் சொல்லச் சொல்கிறோம். பிறகு பறையாட்டம், வெளியே வாணவேடிக்கை. வேறு ஏதாவது சேர்க்கலாமா?
— விழாக் குழு, டெக்சஸ்

சேர்க்க ஒன்றும் இல்லை, எடுக்கத்தான் இருக்கிறது.

பொன்னாடையை எப்படிப் போர்த்துவோம்? பின்னாலிருந்து வந்து, தோளில், அவர் எதிர்பாராத நேரத்தில். பின்னால் ஆள் நிற்பதையே தாங்க முடியாமல்தான் அவர் நாயே வைத்திருக்கிறார். அதற்குள் போட்டோவுக்கு இருபது பேர் நெருக்கியடித்து மேடை ஏறுவார்கள். நாயின் தலையில் யாராவது குங்குமம் வைப்பார்கள், வைக்கமாட்டார்கள் என்று சத்தியம் செய்ய முடியுமா? வாணவேடிக்கையைச் சொல்லவே வேண்டாம். ஜூலை 4 சுதந்திர தின வெடிச் சத்தத்துக்குப் பயந்தே ஊரைவிட்டு ஆளில்லாத பக்கம் போய்விடும் படைவீரர்கள் உண்டு. அவருக்கு மரியாதை செய்யும் விழாவில் அவர் காதுக்குப் பக்கத்தில் வெடி போடுவதா?

கதை சொல்லச் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. தன் வாழ்க்கையின் மிக மோசமான நாளைச் சாம்பார் ஊற்றுகிற நேரத்தில் அந்நியர்களிடம் சொன்னால்தான் காசு விழும் என்றால் அது வசூலா? விருப்பப்பட்டுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களை அந்த நிறுவனம் மூலமாகவே கேளுங்கள். என்ன பேசுவது, எவ்வளவு நேரம், எந்த வாசல் வழியாகக் கிளம்புவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். அதைவிட எளிய வழி, பயிற்சியாளர் ஒருவரை இன்னும் பயிற்சியில் இருக்கும் நாயோடு அழைப்பது. நாய் விளக்கைப் போட்டுக் காட்டினால் போதும், குழந்தைகள் அப்பாக்களின் பர்ஸைத் தாங்களே திறந்துவிடுவார்கள். பொன்னாடையை அந்தப் பயிற்சியாளர் கையில் கொடுங்கள், முன்னால் நின்று.

கணக்குக்கு வருவோம். 40 டாலர் டிக்கெட்டில் சாப்பாட்டின் மதிப்பு 15 என்றால் மீதி 25 மட்டுமே நன்கொடை. அதுவும் உங்கள் சங்கத்துக்கு 501(சி)(3) பதிவு இருந்தால். டிக்கெட் விலை 75 டாலரைத் தாண்டினால் இந்தப் பிரிவினையை எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும். 250-உம் அதற்கு மேலும் கொடுத்தவர்களுக்கு நன்கொடைக் கடிதம் இல்லாமல் விலக்கு நிற்காது. குலுக்கல் டெக்சஸில் யார் வேண்டுமானாலும் நடத்துகிற விஷயம் இல்லை. சட்டத்தில் சொன்ன தகுதியுள்ள அமைப்பாக இருக்க வேண்டும், ரொக்கத்தைப் பரிசாகக் கொடுக்கக் கூடாது. உங்கள் செயலாளரிடம் கேட்டால் "போன வருடமும் செய்தோமே" என்பார். அது பதில் இல்லை.

மண்டப வாடகை, மைக் செட் செலவை வசூலில் கழிக்காமல் தனியாக இரண்டு மூன்று பேரிடம் வாங்கிவிடுங்கள். "கொடுத்த காசு முழுவதும் போய்ச் சேர்ந்தது" என்று அடுத்த வருடம் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

என் மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். காசுக்குப் பதிலாக ஒரு குட்டியை வளர்த்துக் கொடுக்கலாம் என்கிறாள். நாங்கள் சுத்த சைவம். முடியுமா?
— எல்.வி., ராலே, நார்த் கரோலினா

தாராளமாக. மூட்டைத் தீனிதான், அளந்து போடுவதுதான். என்ன பிராண்டு, எத்தனை கப் என்பதை நிறுவனமே சொல்லும். உங்கள் அடுப்புக்கு எந்த ஆபத்தும் இல்லை. ஆனால் நாய்க்குத் தயிர்சாதம் போடுகிற பாட்டி வீட்டில் இருந்தால் அவரோடு தனியாக ஓர் ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும். மேசையிலிருந்து விழுவதைத் தின்று பழகிய நாய் ஓட்டலில் படைவீரரின் காலடியில் சும்மா படுத்திருக்காது.

வேலை நிறைய. வகுப்புக்குக் கூட்டிப்போக வேண்டும், பஸ், லிஃப்ட், தானாகத் திறக்கும் கதவு எல்லாம் பழக்க வேண்டும். தெருவில் யாராவது "தொடலாமா?" என்று கேட்டால் உங்கள் மகள் "இப்போது வேண்டாம்" என்று சொல்லக் கற்க வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு இது நல்ல பயிற்சி. தீனிக்கும் மருத்துவத்துக்கும் யார் செலவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கைக்காசு செலவானால் ரசீதுகளை எடுத்து வையுங்கள், வரிக்கணக்கில் காட்ட இடம் உண்டு.

ஒன்றரை வருடத்தில் திருப்பிக் கொடுக்கும் நாளில் அவள் அழுவாள். நீங்களும் அழுவீர்கள். அதைப் பார்த்து "அடுத்தது வேண்டாம்" என்று சட்டென்று முடிவு செய்யாதீர்கள், இரண்டு வாரம் பொறுங்கள். அநேகமாக அவளே அடுத்த விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வருவாள்.